நள்ளிரவில் எட்டு டிகிரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டு மாடியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவுசெய்யும் வானிலைக் கருவி வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஒருநாள் இரவு 1.40-க்கு 27 டிகிரி, ஈரப்பதம் 72 சதவீதம். 1.55-க்கு 35 டிகிரி, 28 சதவீதம். அதே நேரத்தில் காற்று பலமாக வீசியது, காற்றழுத்தம் கொஞ்சம் இறங்கியது. தூரத்தில் மின்னல் தெரிந்தது, ஆனால் ஒரு சொட்டு மழை இல்லை. இரண்டரை மணிக்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. கருவியை விற்றவர் சென்சார் போய்விட்டது என்கிறார். இடிமழை வந்தால் குளிரத்தானே வேண்டும், எப்படிச் சுடும் என்று நண்பர் கேட்கிறார். இரண்டு பேருக்கும் என்ன சொல்ல?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

முதலில் கடைக்காரருக்கு. சென்சார் போகவில்லை என்பதற்கு நீங்கள் அனுப்பிய நான்கு எண்களே போதும். பனிநிலையை, அதாவது எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி பனித்துளியாகப் படியத் தொடங்குமோ அதை, கணக்கிட்டுப் பாருங்கள். ஈரப்பதத்தை 100-ஆல் வகுத்து இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுங்கள். அதனுடன் 17.625 × வெப்பநிலை ÷ (243.04 + வெப்பநிலை) என்பதைக் கூட்டுங்கள். வரும் விடை 'க' என்றால், பனிநிலை = 243.04 × க ÷ (17.625 − க). 1.40-க்கு 21.5 டிகிரி வருகிறது, 1.55-க்கு 13.8.

ஏசி வெளியே தள்ளும் சூடான காற்றோ வேறெதுவோ பட்டு சென்சார் மட்டும் சூடாகியிருந்தால், காற்றிலுள்ள நீராவியின் அளவு மாறியிருக்காது. பனிநிலை 21.5-லேயே நின்றிருக்கும். 35 டிகிரியில் அதற்கு நேரான ஈரப்பதம் சுமார் 46 சதவீதம். உங்களுக்கு வந்திருப்பதோ 28. ஆகவே அங்கே இருந்த காற்று போய், வேறொரு காற்று வந்திருக்கிறது. ஈரப்பதம் குறைந்ததை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. சூடேற்றினாலே அது குறையும். பனிநிலை விழுந்ததா என்பதுதான் கேள்வி.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து ஐந்தால் வகுத்து, அதை வெப்பநிலையிலிருந்து கழித்தால் பனிநிலை என்றொரு குறுக்குவழி புழக்கத்தில் இருக்கிறது. ஈரப்பதம் 50-க்கு மேல் இருந்தால்தான் அது சரிப்படும். உங்கள் எண்களை அதில் போட்டால் முதலில் 21.4, பிறகு 20.6. ஏறக்குறைய மாற்றமே இல்லை, கடைக்காரர் சொன்னது சரி என்றாகிவிடும்!

இனி நண்பருக்கு. வந்த காற்றை ஆங்கிலத்தில் ஹீட் பர்ஸ்ட் என்கிறார்கள். 'வெப்ப வெடிப்பு' என்று மொழிபெயர்த்தால் ஏதோ வெடித்ததாகத் தோன்றும், அதனால் அப்படியே விடுகிறேன். மேலே வெந்நீர் அண்டா மாதிரி சூடான காற்று காத்திருப்பதில்லை. அது குளிர்ந்த காற்றுதான். கீழே இறங்க இறங்க அழுத்தம் கூடி நெருக்கப்படுவதால், கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வீதம் சூடேறும். எல்லா இடிமழையிலும் காற்று இப்படித்தான் இறங்குகிறது. ஆனால் கூடவே மழைத்துளிகள் வருகின்றன. அவை ஆவியாகிக்கொண்டே இருப்பதால், நெருக்கத்தால் ஏறும் சூட்டில் பெரும்பகுதி அதிலேயே கழிந்துவிடும், குளிர்ந்த காற்று தரைக்கு வரும். நண்பர் சொல்வது இந்த வழக்கமான கதை. சாகும் தறுவாயிலுள்ள மேகத்தில் மழை கொஞ்சம்தான். அடியில் உள்ள காற்றும் வறண்டிருந்தால் துளிகள் பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். காற்று மட்டும் வந்த வேகத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 2.5 கிலோமீட்டர் உயரத்தில் கடைசித் துளியும் தீர்ந்துவிட்டது. இறங்கும் காற்று 12 டிகிரி, சுற்றியுள்ள காற்று 14. இரண்டு டிகிரி குளிர்ச்சி என்பதால் கனம் அதிகம், ஆகவே இறங்குகிறது. சுற்றியுள்ள காற்று கீழே போகப் போக கிலோமீட்டருக்கு 9 டிகிரி வீதம் கூடுதல் சூடாக இருக்கிறது என்று வைத்தால், தரையிலிருந்து 500 மீட்டர் உயரத்தில் அது 32 டிகிரி, நம் காற்று 31.6. அதுவரை கனமாகவே இருந்ததால், உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நொடிக்குச் சுமார் 12.5 மீட்டர் வேகம் பிடித்திருக்கும்.

அங்கேதான் சிக்கல். இரவில் தரை குளிர்வதால் தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடக் குளிர்ந்து கிடக்கும். பாடப்புத்தகங்கள் வெப்பத் தலைகீழ் என்று சொல்லும் அடுக்கு இது. தரையில் 28 டிகிரி என்று கொள்வோம். இந்த அடுக்குக்குள் நுழைந்ததும் நம் காற்று சுற்றியிருப்பதைவிடச் சூடாகி, லேசாகி, மேலே தள்ளப்படுகிறது. இந்தத் தடையை மீறித் தரையைத் தொட நொடிக்கு 11 மீட்டராவது வேண்டும். 12.5 இருப்பதால் தப்பித்து, 36.5 டிகிரியில் வந்து மோதும். அதே அடுக்கு 800 மீட்டர் தடிமனாக இருந்தால் வேண்டிய வேகம் 14 மீட்டர், கைவசம் இருப்பதோ 12. தரையில் நிற்பவர்களுக்கு எதுவுமே தெரியாது. மேலே இது நடந்தாலும் பல இரவுகளில் கீழே பதிவாகாமல் போவது இதனால்தான். பகலில் தரையே சூடாக இருப்பதால், வந்தாலும் பெரிதாக வித்தியாசம் தெரியாது.

2011 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகரில் நள்ளிரவு தாண்டி இருபது நிமிடத்தில் 29.4 டிகிரி 38.9 ஆனது. டெக்சாஸின் கோப்பர்ல் என்ற ஊரில் 1960 ஜூன் 15 இரவு 60 டிகிரியைத் தொட்டது என்றும் ஒரு கதை உலவுகிறது. அது அதிகாரப்பூர்வமான அளவீடு அல்ல. தரையில் 60 வேண்டுமென்றால் 3 கிலோமீட்டர் உயரத்திலேயே காற்று 30 டிகிரிக்கு மேல் இருந்திருக்க வேண்டும். அங்கே கடும் கோடையில்கூட அப்படி இருப்பதில்லை. அன்று பெரிய ஹீட் பர்ஸ்ட் வந்தது என்பதை நம்பலாம், 60 என்ற எண்ணை நம்ப வேண்டாம்.

இன்னொரு சாத்தியத்தையும் பார்த்துவிட வேண்டும். இறங்கும் காற்று தரைக்கு வராமலே, தூரத்து மழையிலிருந்து வரும் பலத்த காற்று அந்த இரவு அடுக்கைக் கலக்கிவிட்டாலும் தரையில் சூடேறும், பனிநிலையும் கொஞ்சம் இறங்கும். ஆனால் மேலுள்ளதும் கீழுள்ளதும் கலப்பதால் ஏற்றம் ஏறக்குறைய பாதிதான், மேலே சொன்ன கணக்கில் நான்கு டிகிரி சொச்சம். உங்களுடைய எட்டு டிகிரிக்கு அது போதாது. அந்த இரவின் ரேடார் படங்கள் கிடைத்தால் 1.40-க்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். உங்கள் பக்கமாக வந்த மேகம் நிறம் வெளுத்துக் கலைந்துகொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். பலூன் ஏற்றி அளக்கும் நிலையம் அருகில் இருந்தால் அதன் வரைபடத்தையும் பாருங்கள். வெப்பநிலைக் கோடும் பனிநிலைக் கோடும் மேலே நெருங்கி, கீழே வர வர விரிந்திருக்கும்.

பதிவு இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சென்சாரைச் சுற்றியுள்ள வெள்ளைத் தட்டுக் கூண்டுக்குள் விசிறி இல்லையென்றால் அளவு பின்தங்கியே வரும். நீங்கள் பார்த்த 35, உச்சம் தணிந்த பிறகு வந்த எண்ணாகக்கூட இருக்கலாம்.