பூஜ்யத்தைக் காட்டி மிரட்டாதீர்கள்

கேள்வி: சென்ற இதழில் கால்பந்து வீரர் கிளோட் மகெலெலேவை ‘மேதை’ என்று எழுதிவிட்டீர்கள். பிரான்ஸ் தேசிய அணிக்காக 71 ஆட்டங்கள் ஆடியவர். அடித்த கோல் பூஜ்யம். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்பே வேண்டாம் என்று விற்றுவிட்ட ஒரு மிட்ஃபீல்டர் (நடுக்கள ஆட்டக்காரர்). மேதை என்ற சொல் அவ்வளவு மலிந்துவிட்டதா?

பதில்: பூஜ்யம் சரிதான். எண்ணிப் பார்த்து எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்த 71 ஆட்டங்களிலும் அவர் எங்கே நின்றார் என்று பார்த்தீர்களா? தன் அணியின் டிஃபெண்டர்களுக்கு, அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவர்களுக்கு, பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால். எதிரணியின் கோல் வலை அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். வீட்டைக் காக்க வைத்த ஆளைக் கூப்பிட்டு, ‘இந்த மாதம் எத்தனை வீடு புகுந்து அள்ளி வந்தாய்?’ என்று விசாரிக்கிறீர்கள்.

அவர் காவலுக்கென்றே பிறந்தவரும் இல்லை. 1973இல் கின்ஷாசாவில் பிறந்து, சிறுவனாகவே பிரான்ஸுக்கு வந்தவர். அங்கே நான்ட் அணியில் வலது ஓரமாக ஓடித் தாக்குகிற இளைஞராகத்தான் பெயர் எடுத்தார். 1994-95இல் அந்த அணி பிரெஞ்சு லீகை வென்றபோது சீசன் முழுவதிலும் தோற்றது ஒரே ஆட்டம். பிறகு மார்செய்யில் ஓராண்டு, ஸ்பெயினின் செல்டா விகோவில் இரண்டு ஆண்டுகள். 2000 மார்ச்சில் இத்தாலியின் யுவென்டஸை செல்டா 4-0 என்று ஓட ஓட விரட்டிய ஆட்டத்தில் முதல் கோல் யாருடையது தெரியுமா? உங்கள் பூஜ்யக்காரருடையது. அடிக்கத் தெரியாமல் பின்னால் நின்றவர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அந்த ஆண்டுதான் மாட்ரிட்டுக்குப் போனார். ஃபிகோ வந்த அதே கோடை. அடுத்த ஆண்டு பிரான்ஸின் சிடான், அதற்கடுத்த ஆண்டு பிரேசிலின் ரொனால்டோ. எல்லோரும் உலக நட்சத்திரங்கள். இடது ஓரத்தில் ராபர்ட்டோ கார்லோஸ் வேறு. டிஃபெண்டர் என்று பெயர், பாதி நேரம் எதிரணியின் பெனால்டி பெட்டியில்தான் குடியிருப்பு. இத்தனை பேரும் முன்னால் போனால் பின்னால் யார்? கார்லோஸ் கிளம்பினால் மகெலெலே இடது பக்கம் நகர்வார். பந்து பறிபோனால், எதிரணிக்காரர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் எதிரே நிற்பார். பறித்த பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதில்லை. பக்கத்தில் இருக்கும் சிடானிடம் கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு. தொண்ணூறு நிமிடமும் இதே வேலை. தொலைக்காட்சியில் பார்த்தால் ஒன்றுமே செய்யாதவர் போலத் தோன்றும். கேமரா பந்தின் பின்னால் ஓடுகிறது. இவரோ பந்து வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கிறவர். மூன்று சீசன்களில் இரண்டு ஸ்பெயின் லீக் பட்டங்கள், 2002இல் ஐரோப்பிய கிளப்களின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்.

‘மாட்ரிட்டே விற்றுவிட்டது’ என்கிறீர்கள். எப்படி விற்றது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 2003 கோடையில் அவர் சம்பள உயர்வு கேட்டார். அந்த நட்சத்திரக் கூட்டத்தில் மிகக் குறைவாக வாங்கியவர்களில் ஒருவர் அவர். சக வீரர்களே அவருக்காகப் பரிந்து பேசினார்கள். கிளப் தலைவர் ஃப்ளோரென்டினோ பெரெஸ் மறுத்துவிட்டார். இவருக்குத் தலையால் முட்டத் தெரியாது, மூன்று மீட்டருக்கு மேல் பாஸ் கொடுப்பதே அபூர்வம், இளைஞர்கள் வந்தால் இவரை மறந்துவிடுவார்கள் என்கிற ரீதியில் அவர் பேசியது அப்போதே பத்திரிகைகளில் வந்தது. மூன்று மீட்டர் தள்ளி சிடான் நிற்கும்போது முப்பது மீட்டருக்கு யாராவது பந்தை அனுப்புவார்களா? அதே கோடையில் இங்கிலாந்து நட்சத்திரம் பெக்காம் வந்தார், மகெலெலே 1.6 கோடி பவுண்டுக்குக் கொஞ்சம் மேலான விலைக்கு லண்டனின் செல்சி கிளப்புக்குப் போனார். பென்ட்லி காருக்கு இன்னொரு பூச்சு தங்கம் எதற்கு, எஞ்சினையே கழற்றிக் கொடுத்த பிறகு என்று சிடான் கேட்டதாகச் சொல்வார்கள்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2003-04இல் மாட்ரிட் லீகின் கடைசி ஐந்து ஆட்டங்களிலும் தோற்று நான்காம் இடத்தில் முடித்தது. ஸ்பெயின் கோப்பை இறுதியில் சரகோசாவிடம் தோல்வி, சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மொனாக்கோவிடம் வெளியேற்றம். அதற்குப் பிந்திய இரண்டு சீசன்களிலும் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. எல்லாப் பழியையும் இந்த ஒரு விற்பனையின் மீது போட நான் தயாரில்லை. அதே கோடையில் லீகை வென்று கொடுத்த பயிற்சியாளர் டெல் போஸ்கேயையும் அனுப்பினார்கள், அணியின் கேப்டன் ஹியரோவும் போனார். ஒரு வீட்டின் மூன்று தூண்களை ஒரே கோடையில் இடித்தால் எந்தத் தூணால் கூரை விழுந்தது என்று சொல்வது கஷ்டம். ஆனால் ரொனால்டோ, சிடான், ஃபிகோ, ராவுல் எல்லோரும் அப்படியே இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். கோல் அடிக்கிறவர்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

செல்சியில்? 2004-05இல் 38 லீக் ஆட்டங்களில் அந்த அணி வாங்கிய கோல்கள் வெறும் 15. கோல்கீப்பர் செக்குக்கும் டிஃபெண்டர்கள் டெர்ரிக்கும் கார்வால்யோவுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வரை பந்து வந்து சேருவதற்கே ஒருவரைத் தாண்ட வேண்டியிருந்தது. அவர் நின்ற இடத்துக்கு இங்கிலாந்தில் ‘மகெலெலே இடம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவருக்கு முன்பே அங்கே நின்றவர்கள் பலர். பிரான்ஸ் அணியிலேயே டெஷாம்ப் இருந்தார். தண்ணீர் சுமக்கிற ஆள் என்று அவரைக் கேலி செய்தார் இன்னொரு பிரெஞ்சு வீரர் எரிக் கான்டோனா. அந்தத் தண்ணீர்க்காரர்தான் 1998இல் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கினார்.

தேசிய அணிக் கணக்கைக் காட்டினீர்கள், அதையும் பார்த்துவிடுவோம். 2004இல் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்ற மகெலெலே, சிடானுடனும் துராமுடனும் 2005இல் திரும்பி வந்தார். தகுதிச் சுற்றிலேயே பிரான்ஸ் தடுமாறிக்கொண்டிருந்த நேரம். 2006 உலகக் கோப்பையில் அவருக்கு வயது 33. ஸ்பெயின், பிரேசில், போர்ச்சுகல் மூவரையும் தாண்டி இறுதி ஆட்டம்வரை போன அந்த அணி, ஏழு ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் மூன்றே மூன்று. நீங்கள் அடித்த கோலை எண்ணினீர்கள். விழாத கோலை எண்ண உங்களிடம் கட்டம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கோலாவது காட்டினால்தான் ஆயிற்று என்றால், காட்டுகிறேன். 2005 மே 7, சார்ல்டன் அணியுடன் செல்சியின் ஆட்டம். செல்சிக்கு லீக் பட்டம் ஒரு வாரம் முன்பே உறுதியாகிவிட்டது, அன்று கோப்பை கொடுக்கும் விழா. ஆட்டம் முடிகிற நேரத்தில் பெனால்டி கிடைத்ததும் சக வீரர்கள் பந்தை மகெலெலேவிடம் தள்ளினார்கள்: ‘இதை நீதான் அடிக்க வேண்டும்.’ அடித்தார். கோல்கீப்பர் தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தைச் சரியாக உதைக்கக்கூட வரவில்லை. எப்படியோ உருண்டு உள்ளே போய்விட்டது. ஆட்டம் 1-0. மொத்த அணியும் ஓடிவந்து அவர் மேல் விழுந்தது.