டோவர் பேராயர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

டோவர் என்பது இங்கிலாந்தின் ஒரு துறைமுக ஊர். இங்கிலாந்துத் திருச்சபையின் டோவர் சஃப்ரகன் பேராயர் பதவி பற்றி நண்பர்கள் கேட்டவை.

கேள்வி: சஃப்ரகன் என்றால் துணைப் பேராயர்தானே ஐயா?

பதில்: ஏறக்குறைய அப்படித்தான். தனக்கென்று திருமண்டலம் (ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள பகுதி) கிடையாது, இன்னொருவருடைய திருமண்டலத்தில் வேலை. ஆனால் குருப்பட்டம் கொடுக்கலாம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) நடத்தலாம். அபிஷேகத்தில் குறைச்சல் இல்லை. டோவர்காரர் கேன்டர்பரி தலைமைப் பேராயருக்குத் துணை.

கேள்வி: எப்போது ஆரம்பித்த பதவி இது?

பதில்: எட்டாம் ஹென்றியின் 1534ஆம் ஆண்டுச் சட்டம் 26 ஊர்களின் பெயரைக் குறித்தது, அதில் டோவரும் ஒன்று. பேராயர் இரண்டு பேரை எழுதிக் கொடுப்பார், அரசர் ஒருவரை எடுப்பார். 1537இல் முதலில் வந்தவர் ரிச்சர்ட் இங்வர்த். டொமினிக்கன் துறவி. மறு வருஷமே அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லுக்காக ஊர் ஊராகப் போய்த் துறவியர் மடங்களை மூடினார். மடத்துச் சோறு சாப்பிட்ட கையாலேயே மடத்துக்குப் பூட்டு! அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் விவரமானவர்கள்தான்.

கேள்வி: நடுவில் 273 வருஷம் ஆளே இல்லையாமே, சட்டத்தை ஒழித்துவிட்டார்களா?

பதில்: மேரி அரசி ஒழித்தார், எலிசபெத் 1559இல் மீட்டார். அதன் பிறகு சட்டம் இருந்துகொண்டேதான் இருந்தது, பின்னால் ஆள்தான் இல்லாமல் போனது. அப்போதைய டோவர் பேராயர் ரிச்சர்ட் ரோஜர்ஸ் 1597இல் இறந்ததும் டோவர் காலி. ஜனத்தொகை பெருகி, ஒரே பேராயரால் சமாளிக்க முடியாமல் போன பிறகு, 1870இல் எட்வர்ட் பாரியை அமர்த்தினார்கள். புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. ஹென்றி காலத்துச் சட்டத்தையே தூசி தட்டி எடுத்தார்கள். அதே ஆண்டு நாட்டிங்காமுக்கும் ஒருவர் வந்தார்.

கேள்வி: எங்கள் கால்டுவெல் ஐயரும் சஃப்ரகன்தானா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இல்லை. 1877இல் கல்கத்தாவில் அவரும் சார்ஜெண்ட் ஐயரும் சென்னைப் பேராயருக்கு உதவிப் பேராயர்களாக அபிஷேகம் பெற்றார்கள். சஃப்ரகனுக்கு ஓர் ஊரின் பெயரில் பட்டம் உண்டு, உதவிப் பேராயருக்கு அது கிடையாது. திருநெல்வேலி தனித் திருமண்டலமானது 1896இல்; கால்டுவெல் 1891இலேயே காலமாகிவிட்டார்.

கேள்வி: பெண்கள் யாராவது டோவருக்கு வந்ததுண்டா?

பதில்: உண்டு. ஜமைக்காவில் பிறந்த ரோஸ் ஹட்சன்-வில்கின், 2019இல். இங்கிலாந்துத் திருச்சபையில் பேராயரான முதல் கறுப்பினப் பெண். துணைதானே என்று நினைக்க வேண்டாம். தலைமைப் பேராயருக்கு லண்டன் லாம்பெத் அரண்மனையிலேயே வேலை சரியாகிவிடும். கேன்டர்பரி திருமண்டலத்தின் அன்றாடப் பாடு முழுக்க டோவர் பேராயர் தலையில்தான்.