கேளுங்க அக்கா: மூணு நாள் குதிரை மேல

போன இதழ்ல டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்தைப் பத்தி எழுதும்போது, ரெண்டு நிமிஷம் ஓடுற குதிரையை விட மூணு நாள் ஓடுற குதிரைதான் எனக்குப் பிடிக்கும்னு ஒரு வாய் விட்டுட்டேன், அவ்வளவுதான், கடுதாசி குவிஞ்சிடுச்சு. அதனால இந்த வாரம் கல்யாணம், வேலை, மாமியார் எல்லாம் லீவு, குதிரை மட்டும்தான்.

அக்கா, எனக்கு 24 வயசு, டொங்காட். ஷாங்வேனி பக்கம் ஒரு லாயத்துல வாரம் மூணு நாள் ரைடு பண்றேன். ரேஸ்லேருந்து ரிட்டயர் ஆன 7 வயசு தரோப்ரெட் ஒண்ணு வாங்கியிருக்கேன். வர்ற ஜூலைல ஃபோர்ஸ்மித் ரைடுல கலந்துக்க ஆசை. எட்டு மாசம் ட்ரெய்னிங் போதுமா?

போதாது தம்பி. கோச்சுக்காதே, காரணத்தைக் கேளு.

ஃபோர்ஸ்மித்னா என்னன்னு மத்தவங்களுக்கும் சொல்லிடறேன். தென்னாப்பிரிக்காவோட ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துல ப்ளூம்ஃபான்டெய்னுக்குத் தென்மேற்கே ஒரு குட்டி ஊரு, மெயின் ரோடு நடுவுலயே ரயில் தண்டவாளம் ஓடும். நம்ம நாட்டுல பல நாள் எண்டியூரன்ஸ் ரைடுன்னாலே (குதிரை மேல நீள தூரம் போற போட்டி) முதல்ல வாயில வர்ற பேரு அதுதான், மூணு நாள், மொத்தம் 200 கி.மீ. கிட்ட, அதுவும் ஒரே குதிரை, ஒரே ஆளு. தினம் 70 கி.மீ. சுமாருக்கு வரும், அதையும் ரெண்டு மூணு சுத்தாப் பிரிச்சு ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் வெட் (கால்நடை டாக்டர்) பார்ப்பாங்க.

இப்ப உன் குதிரைக்கு வருவோம். மூச்சும் சதையும் மூணு நாலு மாசத்துல தேறிடும், அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க, குதிரை துள்ளுதே, ரெடியாயிடுச்சுன்னு நினைச்சிடறாங்க. ஆனா எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் கெட்டிப்படாது, அதுக்கு வருஷக்கணக்குல மெதுவா நீள தூரம் போய்ப் பழகணும். ரேஸ்ல ஓடின குதிரைக்கு காலுல பழைய காயம் எதுவும் இருக்கான்னு முதல்ல ஒரு வெட்டை வச்சுத் தடவிப் பாரு. இன்னொண்ணு, தரோப்ரெட் உடம்பு திடீர்னு பாயறதுக்குன்னே வளர்த்தது, பெரிய உடம்பு, சூடு அடங்க நேரமாகும். இந்த விளையாட்டுல அரபுக் குதிரையும் அரபுக் கலப்பும், நம்ம ஊரு பூர்பெர்ட் இனமும் முன்னால நிக்கறது சும்மா இல்ல. அதுக்காக உன் குதிரையால முடியவே முடியாதுன்னு சொல்லல, முதல் வருஷம் 30, 40 கி.மீ. ரைடு நாலஞ்சு பண்ணு, அடுத்த வருஷம் 80, அப்புறம் ஃபோர்ஸ்மித்தைப் பத்திப் பேசலாம்.

வெட் என்ன பார்ப்பாங்கன்னு கேப்பே. நாடித்துடிப்புதான் முதல்ல. சும்மா நிக்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு 30, 40 அடிக்கும், ஓடி வந்ததும் நூறைத் தாண்டியிருக்கும், குறிப்பிட்ட நிமிஷத்துக்குள்ள அது 64க்கு இறங்கணும், இறங்கலேன்னா அன்னிக்கு ரைடு முடிஞ்சுது. அப்புறம் ஈறை விரலால அமுக்கி விடுவாங்க, வெளுத்த இடம் ரெண்டு செகண்டுக்குள்ள திரும்பச் சிவக்கணும். கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்ப்பாங்க, வயித்துல காது வச்சுக் கேப்பாங்க, வயிறு சத்தமே போடலேன்னா எல்லாரும் பயந்துடுவோம் (மனுஷனுக்கு நேர் எதிர், பாரேன்). கடைசியா ட்ராட் அவுட், கயித்தைத் தளர்த்திப் பிடிச்சு நீயும் கூடவே ஓடணும், நொண்டுதான்னு பார்க்கறதுக்கு.

அந்த ட்ராட் அவுட்லதான் நான் மாட்டினேன். என்னோட முதல் 80 கி.மீ. ரைடு. குதிரை பேரு கருப்பன், நிறம் என்னவோ செம்பட்டை, அதை விடு. ரெண்டாவது சுத்து முடிச்சு உள்ள வந்தோம், என் தங்கச்சி ரெண்டு வாளித் தண்ணியோட நிக்கிறா, சேணத்தைக் கழட்டி கழுத்துலயும் மார்லயும் ஊத்திக்கிட்டே இருந்தோம், வெட் அம்மா வந்து இடது முழங்கைக்குப் பின்னாடி ஸ்டெத்தை வச்சு எண்ணினாங்க, 58. எனக்குக் காலு தரையிலயே இல்ல. சரி ஓடிக் காட்டும்மான்னாங்க. போகும்போது ஒண்ணும் தெரியல, திரும்பி வரும்போது பார்க்கிறேன், இடது முன்னங்காலை ஊனுற ஒவ்வொரு தடவையும் தலையை லேசா மேல தூக்குது. அந்த அம்மா ஒண்ணும் பேசல, கார்டுல எழுதிட்டுக் குளம்பைத் தூக்கிப் பார்த்தாங்க, லாடத்துக்கு ஓரமா பட்டாணி அளவு ஒரு கல்லு. அவ்வளவுதான், வெளியே. இதுல அசிங்கம் என்னன்னா, மூணு கி.மீ. முன்னாடியே அதோட நடை மாறினது எனக்குத் தெரியும், முன்னால போன ரெண்டு பேரைப் பிடிச்சிடலாம்னு இறங்கிப் பார்க்காம வந்தேன். இறங்கிக் கல்லை எடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

அதனால வர்ற ஜூலைல நீ ஃபோர்ஸ்மித்துக்குப் போ, ஆனா சவாரிக்கு இல்ல, யாருக்காவது க்ரூவா, அதாவது கூட இருந்து உதவி பண்ற ஆளா போ. வாளி தூக்கு, காலைல தண்ணித் தொட்டியில பனிக்கட்டியை உடை, ராத்திரி குதிரை காலுக்குக் கட்டுப் போடு, மூணாம் நாள் காலைல 130 கி.மீ. ஓடின குதிரை இருட்டுல எப்படி எழுந்து வருதுன்னு பாரு. சாயங்காலம் எதுக்கு சாப்பிடுது, எதுக்கு முகத்தைத் திருப்புதுங்கறதைக் கவனிச்சா எந்தப் புத்தகத்துலயும் இல்லாத விஷயம் தெரியும்.

தடுப்பூசியையும் ஞாபகம் வச்சுக்க. நம்ம ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோய் கொசு மாதிரி குட்டிப் பூச்சி கடிச்சு வர்றது, கோடை கடைசியில பரவ ஆரம்பிச்சு உறைபனி விழுந்ததும்தான் அடங்கும். ஊசி ஜூன்லேருந்து அக்டோபருக்குள்ள ரெண்டு தடவையா போடுவாங்க, நடுவுல மூணு வாரமாவது விடணும், போட்டதும் குதிரையைக் கடுமையா வேலை வாங்கக் கூடாது. ரைடுக்கு முன்னாடியா பின்னாடியான்னு இப்பவே வெட்கிட்ட உட்கார்ந்து தேதி குறி, குதிரையோட பாஸ்போர்ட்ல பதிவு இல்லேன்னா வாசலோட திருப்பி அனுப்பிடுவாங்க.

என் மகளுக்கு 19 வயசு, இந்த மூணு நாள் ரைடுக்குப் போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. நாங்க சைவம். ஆடி மாசம் வேற, அம்மன் கோயில்ல கூழ் ஊத்துற நேரம். பயமா இருக்கு. அனுப்பலாமா? (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா)

பயம் நியாயம்தான்மா, குதிரை மேலேருந்து விழாதவங்க யாருமே கிடையாது. நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுங்க, ஒரு தடவை விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போட விடாதீங்க. அதுக்கு மேல உண்மையான எதிரி ரெண்டு: குளிரும் தேய்ப்பும். டர்பன் ஜூலையை நினைச்சு ஒரு ஸ்வெட்டரோட அனுப்பாதீங்க, அங்க விடிகாலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், பத்து மணிக்கு மேல வெயில் சுள்ளுனு அடிக்கும், அதனால ஒண்ணு மேல ஒண்ணா மெல்லிசு மெல்லிசா போட்டுட்டு ஒவ்வொண்ணா கழட்டிக்கணும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். தொடைக்கு உள்பக்கம் அந்தத் தையல் முதல் நாளே தோலை உரிச்சிடும், ரெண்டாம் நாள் சேணத்துல உட்காரும்போது கண்ணுல தண்ணி வரும். தையல் இல்லாத ரைடிங் டைட்ஸ், ஒரு டப்பா வாஸ்லின், அவ்வளவு போதும்.

சைவத்துக்கு என்னம்மா குறை. கேம்ப்ல ராத்திரி எல்லாரும் ப்ராய் போடுவாங்க, அதான் நெருப்புல கறி சுடுறது, வாசனை நம்மைச் சும்மா விடாது, அது வேற கதை. நீங்க கூழ் காய்ச்சி ஃப்ளாஸ்க்ல ஊத்திக் கொடுங்க, மோரும் உப்பும் கொஞ்சம் தூக்கலா. சுத்துக்கு நடுவுல பசியே எடுக்காது, மெல்லவும் முடியாது, அப்ப குடிக்கிற மாதிரி ஏதாவது இருந்தாதான் உள்ள இறங்கும். நான் இதுவரைக்கும் அதை விட நல்ல எண்டியூரன்ஸ் சாப்பாடு பார்த்ததில்ல. முடிஞ்சா நீங்களே கூடப் போங்க, வாளி தூக்க ஆளு எப்பவும் பத்தாது. மாரியம்மா கோச்சுக்க மாட்டா.

மங்கோலியாவுல 1000 கி.மீ. குதிரை ரைடு ஒண்ணு நடக்குதாமே, நம்ம ஆளுங்க யாராவது போயிருக்காங்களா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வு பெற்ற வாத்தியார்)

போறதென்ன சார், ஜெயிச்சே இருக்காங்க. மங்கோல் டெர்பின்னு பேரு, 2009ல ஆரம்பிச்சுது. முதல் வருஷமே நம்ம சார்ல்ஸ் வான் வைக் ஒரு மங்கோலியரோட சேர்ந்து முதலிடம் வந்தாரு, 2017ல நம்ம பேரி ஆர்மிடேஜும் ஆஸ்திரேலியாவோட எட் ஃபெர்னனும் ஒண்ணா ஜெயிச்சாங்க. செங்கிஸ்கான் காலத்துத் தபால் குதிரை ஏற்பாட்டை வச்சு அமைச்சது, அதனால சுமார் 40 கி.மீ.க்கு ஒரு தடவை குதிரையை மாத்திக்கிட்டே போகணும். ஃபோர்ஸ்மித்ல குதிரையைக் காப்பாத்திக் கொண்டு வரணும், அங்க தெரியாத புதுக் குதிரை மேல ஏறி நம்ம உடம்பைக் காப்பாத்திக்கணும், ரெண்டும் வேற வேற கஷ்டம். ஆனா நாடித்துடிப்பு விதி அங்கயும் உண்டு. 2013ல முதல்ல வந்து சேர்ந்தவங்களோட குதிரைக்கு நாடி நேரத்துக்கு இறங்கல, பெனால்டி விழுந்துடுச்சு, பின்னால வந்த 19 வயசு லாரா ப்ரையர்-பாமருக்குப் பரிசு போச்சு, ஜெயிச்ச முதல் பொண்ணும் அவங்கதான். 2019ல ஜெயிச்ச அமெரிக்கர் பாப் லாங்குக்கு 70 வயசு. உங்களுக்கு என்ன வயசுன்னு எழுதவே இல்லையே சார்?

நான் 104 கிலோ. எனக்கு சான்ஸ் இருக்கா அக்கா? (ஃபீனிக்ஸ்)

மங்கோலியாவுல எடை வரம்பு இருக்கு, அங்க இப்ப நடக்காது. இங்க கனத்தவங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, ஆனா சேணத்தோட சேர்ந்து உன்னைத் தாங்குற எலும்புக்கட்டு உள்ள குதிரை வேணும், ஒல்லி அரபுக் குதிரையைப் பார்த்து மயங்காதே. ஏத்தம் வந்தா இறங்கிக் கூடவே நட, அது விதியிலயே அனுமதி, எடையும் தானா குறையும்.