ஓசி விளையாட்டு

அன்புள்ள சார்,

வீடியோ கேமும் கதை சொல்லும் ஒரு கலைதான் என்று சில மாதங்களுக்கு முன் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதை ஒட்டி ஒரு கேள்வி.

பள்ளியிலும் கல்லூரியிலும் நான் விளையாடிய கேம்களில் ஒன்றைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. எல்லாம் டோரன்ட்டில் ஓசியாக இறக்கியவை, பூட்டை உடைத்த கிராக் பிரதிகள். இப்போது வேலையில் இருக்கிறேன், ஆனாலும் பழக்கம் போகவில்லை. பாதிக்குப் பாதி இன்னும் அப்படித்தான். கல்லூரி நண்பன் ஒருவன் ஐந்து பேர் கொண்ட சின்ன கேம் ஸ்டூடியோவில் புரோகிராமராக இருக்கிறான். போன வாரம் பேச்சுவாக்கில், கிராக் போட்டு ஒரு கேமை முழுசாக முடித்ததைப் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. ‘நீ செய்றது திருட்டுடா’ என்றான். அதன்பிறகு பேசவில்லை.

எனக்கு நிஜமாகவே புரியவில்லை சார். நான் காப்பி எடுத்ததால் யாரிடமிருந்தும் எதுவும் குறையவில்லை. கிராக் கிடைக்காவிட்டால் அந்த கேமை வாங்கியிருக்கவும் மாட்டேன், ஆகவே நஷ்டமும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு விற்ற கேமையே சர்வரை மூடிப் பிடுங்கிக்கொள்ளும் கம்பெனிகள் இருக்கும்போது, திருடன் யார்?

(என் பெயரைப் போட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். 1990இல் ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ என்ற கேம் வந்தது. கடற்கொள்ளையன் ஆக ஆசைப்படும் ஒரு பையனின் கதை. பெட்டிக்குள் இரண்டு அடுக்கு அட்டைச் சக்கரம் ஒன்று இருக்கும். திரையில் ஒரு கொள்ளையன் முகம் தோன்றும். சக்கரத்தைத் திருப்பி அதே முகத்தைச் சேர்த்து, அதில் தெரியும் வருடத்தைத் தட்டினால்தான் கேம் திறக்கும். அந்தச் சக்கரத்தை போட்டோகாப்பி எடுத்து, வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி நானும் ஒன்று செய்து வைத்திருந்தேன். கொள்ளையர் கதையைக் கொள்ளையடிக்கக் கொள்ளையன் முகத்தையே நகலெடுத்திருக்கிறேன். அந்த அழகை ரசிக்கிற வயது அப்போது இல்லை.

ஆக, நான் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதவில்லை.

‘திருட்டு’ என்று உங்கள் நண்பர் கோபத்தில் சொல்லியிருக்கிறார். சட்டம் அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாகப் பயன்படுத்துவதில்லை. எல்விஸ் பிரெஸ்லி பாடல்களை அனுமதியில்லாமல் இசைத்தட்டாக அச்சிட்டு விற்ற ஒருவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. திருட்டுப் பொருளை மாநில எல்லை தாண்டிக் கடத்துவதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் அந்த இசைத்தட்டுகளைக் கொண்டுவர முடியாது என்று 1985இல் தீர்ப்பானது. ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு போவதும் பதிப்புரிமையை மீறுவதும் வேறு வேறு என்பது காரணம். அதற்காக அவர் நிரபராதியாகி வீட்டுக்குப் போய்விடவில்லை. பதிப்புரிமையை மீறிய குற்றம் அப்படியே நின்றது.

எனக்கு இந்த விஷயத்தில் ‘திருட்டு’, ‘உரிமை மீறல்’ இரண்டுமே சரியாகப் படவில்லை. நம்மிடம் இதற்கென்றே செய்ததுபோல ஒரு சொல் இருக்கிறது: ஓசி. திருடன் என்று சொன்னால் சண்டைக்குப் போகலாம், வாதாடலாம், சட்டம் பேசலாம். ‘ஓசியில் விளையாடினாயா?’ என்று கேட்டால் என்ன சொல்வது? கொஞ்சம் நெளியத்தான் முடியும். உங்கள் மூன்று வாதங்களையும் அந்த நெளிவிலிருந்து தப்பிக்கக் கட்டியதாகத்தான் நான் வாசித்தேன். மூன்றும் கேமை இறக்கி, விளையாடி முடித்த பிறகு தோன்றியவை என்று ஊகிக்கிறேன். டவுன்லோட் பட்டனை அழுத்தும்போது யாரும் சர்வர் மூடும் கம்பெனிகளைப் பற்றி யோசிப்பதில்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதுவும் குறையவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் உண்மை, ஆனால் எப்போதும் இல்லை. 2006இல் ‘டைட்டன் குவெஸ்ட்’ என்ற கேமின் திருட்டுப் பிரதி, கேம் கடைக்கு வருவதற்கு முன்பே வெளியாகிவிட்டது. அந்தப் பிரதியில் நகலெடுப்பதைத் தடுக்கும் காப்புப் பூட்டு அரைகுறையாகத்தான் உடைபட்டிருந்தது. விளையாடிக்கொண்டே போனால் பூட்டின் அடுத்த சோதனை வருமிடத்தில் கேம் செயலிழந்து வெளியே தள்ளிவிடும். காசு கொடுக்காமல் விளையாடியவர்கள், ‘ஒரே பிழை மயம், வாங்காதீர்கள்’ என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். பதிப்பித்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் 2008இல் இதை ஆற்றாமையோடு விவரித்தார். அதற்குள் கேமைச் செய்த ஸ்டூடியோ மூடப்பட்டிருந்தது. ஓசிப் பிரதிதான் மூடியது என்று சொல்லமாட்டேன், ஒரு ஸ்டூடியோ மூட ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அந்த கேமின் பெயரிலிருந்து ஏதோ ஒன்று குறைந்தது.

‘வாங்கியிருக்கவே மாட்டேன்’ என்பதுதான் உங்கள் வாதங்களில் கனமானது. ஐரோப்பிய ஆணையம் பணம் கொடுத்து ஓர் ஆய்வு செய்யவைத்தது. 300 பக்கத்துக்கு மேல். 2015இலேயே முடிந்துவிட்ட அறிக்கை, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் விடாமல் கேட்டதால் 2017இல்தான் வெளியே வந்தது. புதிதாக வந்த பெரிய சினிமாக்களைத் தவிர, ஓசிப் பிரதிகளால் விற்பனை குறைகிறது என்பதற்கு உறுதியான புள்ளிவிவரச் சான்று கிடைக்கவில்லை என்றது அது. கேம்களில் விற்பனை கொஞ்சம் அதிகரித்திருக்கலாம் என்றுகூடக் கணக்கு காட்டியது. பிழை வரம்பு மிகப் பெரியது என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டமாட்டார்கள்.

அப்புறம் இன்னோர் ஆய்வு. டெனுவோ என்ற பூட்டைப் போட்டு 2014 முதல் 2022 வரை வெளிவந்த 86 கேம்களை எடுத்துக்கொண்டது. வந்த சூட்டில் பூட்டு உடைந்தால் மொத்த வருமானத்தில் சராசரியாக 20 சதவீதம்வரை போய்விடுகிறது. 12 வாரம் பூட்டு தாங்கிவிட்டால், அதற்குப்பின் கிராக் வந்தாலும் நஷ்டம் ஏறக்குறைய இல்லை. அதாவது நீங்களும் சரி, உங்கள் நண்பரும் சரி. எந்த வாரத்தில் இறக்கினீர்கள் என்பதைப் பொறுத்தது!

ஆனால் இதெல்லாம் சராசரி. சராசரி மனிதன் கேம் விளையாடுவதில்லை, நீங்கள் விளையாடுகிறீர்கள். வாங்கியிருப்பீர்களா இல்லையா என்பது உலகத்திலேயே உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். பத்து நிமிடம் விளையாடித் தூக்கிப்போட்ட கேமைப் பற்றி ‘வாங்கியிருக்க மாட்டேன்’ என்றால் நம்புகிறேன். நீங்கள் முழுசாக முடித்திருக்கிறீர்கள். முடித்ததைப் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறீர்கள். பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இறக்கினேன் என்பதும் இப்போது செல்லுபடியாகாது. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் விளையாடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வசதி 2015இலிருந்தே இருக்கிறது.

இங்கே ஒரு கதை சொல்லியே ஆகவேண்டும். 2013இல் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ‘கேம் டெவ் டைக்கூன்’ என்று ஒரு கேம் செய்தார்கள். நீங்கள் ஒரு சின்ன கேம் கம்பெனி நடத்தி அதைப் பெரிதாக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. எப்படியும் கிராக் வரத்தான் போகிறது என்று தெரிந்து, வெளியான அன்றே அவர்களே ஒரு ‘கிராக்’ பிரதியைச் செய்து டோரன்ட்டில் ஏற்றிவிட்டார்கள். அதில் ஒரே ஒரு மாற்றம். கொஞ்ச தூரம் விளையாடியதும், ‘உங்கள் கேமைப் பலரும் வாங்காமல் இறக்கி விளையாடுகிறார்கள்’ என்று செய்தி வரும். வருமானம் சரியும். என்ன செய்தாலும் கம்பெனி திவால். ஓசியில் இறக்கியவர்கள் குழம்பிப்போய் உதவி கேட்க ஆரம்பித்தார்கள். இந்தத் திருட்டைத் தடுக்க கேமுக்குள் ஏதாவது பூட்டு கண்டுபிடிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முழு அப்பாவித்தனத்தோடு!

சிரித்து முடித்தபின் எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் நாள் முடிவில் காசு கொடுத்தவர்கள் 214 பேர். ஓசிப் பிரதியில் விளையாடியவர்கள் குறைந்தது 3104 பேர். அந்த 3104 பேரும் வாங்கியிருப்பார்கள் என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்லமாட்டான். உங்கள் வாதத்தையே வைத்துக்கொள்வோம், பத்தில் ஒன்பது பேர் எக்காலத்திலும் வாங்கமாட்டார்கள். மீதி 310 பேர். வாங்கியவர்கள் 214! அந்த ஒரு பங்கே அன்றைய விற்பனையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கியிருக்கும். பெரிய கம்பெனிக்கு இது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. இரண்டு பேர் கம்பெனிக்கு அடுத்த கேம் உண்டா இல்லையா என்பது. உங்கள் நண்பர் இருப்பது ஐந்து பேர் கம்பெனியில்.

கம்பெனிகளைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கப்போவதில்லை, இன்னும் சேர்த்தே தருகிறேன். 2010 மார்ச்சில், தனியாக உட்கார்ந்து விளையாடும் ‘அசாசின்ஸ் கிரீட் 2’வுக்கும் எந்நேரமும் இணையத் தொடர்பு வேண்டும் என்று யூபிசாஃப்ட் வைத்திருந்தது. சர்வர் விழுந்தது. காசு கொடுத்தவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2008இல் அதே நிறுவனம் தன் ‘ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2’ கேமின் ஒரு கோளாறைச் சரிசெய்ய அனுப்பிய கோப்பு, கிராக் போடும் ஒரு குழு செய்ததாக இருந்தது. கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தக் குழுவின் பெயரே உள்ளே கிடைத்தது. 2014இல் வந்த ‘தி க்ரூ’ கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று மூடினார்கள், வாங்கியவர்கள் கையில் ஒன்றுமில்லை. விற்ற கேமைக் கொல்லாதே என்று அதன்பின் ஐரோப்பாவில் தொடங்கிய மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் கையெழுத்துக்கு மேல் விழுந்தது. கலிஃபோர்னியாவில் 2025 முதல், வாடிக்கையாளருக்குக் கிடைப்பது கேம் அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பட்டன் வைக்க முடியாது.

வழக்கு நல்ல வழக்கு. ஆனால் வாதி நீங்கள்தானா? ‘தி க்ரூ’வைக் காசு கொடுத்து வாங்கியவர், அதைத் தன் கணினியில் மறுபடி ஓடவைக்க ஏதாவது கிராக் கிடைக்குமா என்று தேடினால் நான் கூட உட்கார்ந்து தேடுவேன். அந்தக் கம்பெனிமேல் கோபம், அதனால் எந்தக் கம்பெனிக்கும் காசு கொடுக்கமாட்டேன், ஆனால் எல்லோருடைய கேமும் வேண்டும் என்பது கோபம் மாதிரித் தெரியவில்லை.

நான் தயங்காமல் ஓசிப் பிரதியின் பக்கம் நிற்கும் இடம் ஒன்று உண்டு. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. யாரிடம் போய்க் காசு நீட்டுவது? ஆராய்ச்சியாளர்கள் வீட்டிலிருந்தே இவற்றை விளையாடிப் பார்க்க நூலகங்கள் வழிசெய்யலாமா என்று கேட்டதற்கு, 2024இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் முடியாது என்றுவிட்டது. அந்த கேம்கள் இன்னும் உயிரோடிருப்பதில் பெரும் பங்கு பெயர் தெரியாத நகலெடுப்பாளர்களுடையது. சட்டம் என் பக்கம் இல்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

கையில் காசில்லாத பள்ளிப் பையனையும் நான் திட்டமாட்டேன். திட்டாதவர்கள் கேம் செய்கிறவர்களிலேயே இருக்கிறார்கள். 2017இல் ‘டார்க்வுட்’ கேமைச் செய்த போலந்துக்காரர்கள், காசில்லாதவர்கள் விளையாடட்டும் என்று பூட்டில்லாத பிரதியைத் தாங்களே டோரன்ட்டில் போட்டார்கள். கேம் பிடித்திருந்து, நாங்கள் தொடர்ந்து செய்யவேண்டும் என்று நினைத்தால் பிற்பாடு வாங்குங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்கள். அவர்களாகக் கொடுத்தது அது, வாங்கிக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நீங்கள் ‘பிற்பாடு’ என்ற அந்த இடத்துக்கு எப்போதோ வந்துவிட்டீர்கள். சம்பளம் வருகிறது.

வைரஸ் பயம் காட்ட எனக்குப் பிடிக்காது, அதனால் ஒரே ஒரு தகவல். கிராக் செய்த கேம்களோடு ஒட்டிக்கொண்டு பரவிய ‘கிராக்கோனோஷ்’ என்ற நச்சு நிரல், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் புகுந்து, உரிமையாளருக்கே தெரியாமல் அவருடைய மின்சாரத்தைச் செலவழித்துச் சுமார் 20 லட்சம் டாலர் மதிப்புள்ள கிரிப்டோ என்ற டிஜிட்டல் நாணயம் தோண்டியதாக 2021இல் கண்டுபிடித்தார்கள். மின்கட்டணம் மட்டும் ஓசியில்லை.

என் சொந்தக் காயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் நாவல் ஒன்றின் பிடிஎஃப்பை ஒருவர் எனக்கே அனுப்பி, ‘கட்டாயம் படித்துப் பாருங்கள், அருமையாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். ஆசிரியர் பெயரைக் கவனிக்கவில்லை போல. இன்னொருவர் ஒரு கூட்டத்தில் அந்தப் பிடிஎஃப்பை அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்து கையெழுத்து கேட்டார். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் அடிக்கோடு, ஓரத்தில் கேள்விகள். காசு கொடுத்து வாங்கிய யாரும் என்னை அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. கையெழுத்துப் போட்டேன். அன்று இரவு முழுக்க எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. உங்கள் நண்பரின் முகம் மாறியது எனக்குப் புரிவது இதனால்தான்.

பழைய கணக்கை எல்லாம் தீர்க்க வேண்டியதில்லை. முழுசாக முடித்த கேம்களில், செய்தவர்கள் இன்னும் தொழிலில் இருக்கிற இரண்டு மூன்றை வாங்குங்கள். மறுபடி விளையாடக்கூட வேண்டாம். பிடித்திருந்தது என்று நான்கு வரி எழுதிப் போடுங்கள், சின்னக் குழுவுக்கு அதுவும் விற்பனைதான்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கிராக் போட்டு முடித்த கேமின் பெயரை எங்கேயும் எழுதவில்லை. நண்பருடைய ஸ்டூடியோ செய்த கேமின் பெயரையும் எழுதவில்லை. இரண்டும் ஒன்றேதானா?