ஃபிஸ்டுலாவில் அதிர்வு நின்றால் காத்திருக்காதீர்கள்
தக்கலை சகோதரருக்கு, அம்மாவின் கை ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம்) நேற்றிரவு முதல், தொட்டால் தெரியும் அதிர்வு இல்லை, திங்கட்கிழமை டயாலிசிஸின்போது காட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். நேரம் போகப்போக அதை எடுப்பது கடினம். அறுவை செய்த மருத்துவரை இப்போதே அழையுங்கள், இல்லையென்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். கையை அமுக்கித் தேய்க்க வேண்டாம்.

தமனியின் வேகத்தைத் தாங்கும் சிரையின் உட்சுவர் தடித்து, பெரும்பாலும் இணைப்புக்கு அருகிலேயே வழி குறுகிவிடுகிறது. டயாலிசிஸ் முடிந்து இரத்த அழுத்தம் சரியும்போது, அந்தக் குறுகலில் ஓட்டம் மந்தமாகி இரத்தம் உறைகிறது. அம்மா அந்தக் கைமேல் தலைவைத்துப் படுப்பாரா? அதுவும் காரணமாகலாம். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். குறுகலைப் பலூனால் விரிக்க முடியும். டயாலிசிஸ் தள்ளிப்போகாமலிருக்கக் கழுத்தில் தற்காலிகக் குழாய் வைப்பார்கள், பயப்படாதீர்கள். அதுவரை ஏத்தன்பழமும் (நேந்திரம்) இளநீரும் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள், பொட்டாசியம் ஏறிவிடும்.