பார்தோலின் கட்டி என்று எடுத்தார்கள், ரிப்போர்ட்டில் வேறு பெயர்

கேள்வி: எனக்கு 38 வயது. பிறப்புறுப்பின் இடது பக்கம் வலியில்லாத வீக்கம் இருந்தது. பார்தோலின் நீர்க்கட்டி (பிறப்புறுப்பு வாசலில் உள்ள சுரப்பி அடைபட்டு வரும் வீக்கம்) என்று ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயாப்ஸியில் 'அக்ரெசிவ் ஆஞ்சியோமிக்ஸோமா, வெட்டிய ஓரத்தில் கட்டி இருக்கிறது' என்று வந்திருக்கிறது. இது கேன்சரா? உடனே மறுபடி ஆபரேஷன் வேண்டுமா?

பதில்: பெயர்தான் மிரட்டுகிறது. இந்தக் கட்டி நுரையீரல், கல்லீரல் என்று பரவியதாக உலகம் முழுக்கப் பதிவானவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிரச்சினை வேறு: எடுத்த இடத்திலேயே திரும்ப வரும், அதுவும் பல வருடம் கழித்துக்கூட. 1983இல் இதை முதலில் விவரித்தவர்கள் 'அக்ரெசிவ்' என்று சேர்த்ததே அதனால்தான்.

உங்கள் டாக்டர் நீர்க்கட்டி என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. பலருக்கும் அப்படித்தான் நடக்கிறது. கட்டி மெத்தென்று இருக்கும், வலிக்காது. லைப்போமா என்ற கொழுப்புக் கட்டி, குடலிறக்கம் என்றும் நினைக்க வைக்கும். வெளியே எலுமிச்சை அளவு தெரிந்தாலும், உள்ளே இடுப்புக்குழி வரை போயிருக்கலாம். கையால் தொட்டுப் பார்த்து அதன் எல்லையைச் சொல்ல முடியாது.

அதனால் கத்தியை எடுக்கும் முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, பயாப்ஸி ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்குகளையும் வாங்கி, மென்திசுக் கட்டிகளில் அனுபவமுள்ள பெத்தாலஜிஸ்டிடம் (திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்) காட்டுங்கள். இதே இடத்தில் ஆஞ்சியோமயோஃபைப்ரோபிளாஸ்டோமா என்று ஒன்று வரும். மைக்ராஸ்கோப்பில் ஓரளவு ஒத்திருக்கும், ஆனால் எல்லை தெளிவாக இருக்கும். முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. இரண்டாவது, புண் ஆறி வீக்கம் வடிந்ததும் இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. அதில் டி2 என்ற வகைப் படங்களில் இந்தக் கட்டி வெளுப்பாக, உள்ளே சுழல் சுழலாகக் கோடுகளோடு தெரியும். மிச்சம் இருந்தால் எங்கே, எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால், ஓரத்தில் கட்டி இருந்ததற்காக மட்டும் உடனே மறுபடி வெட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஓரம் சுத்தமாக இருந்தவர்களுக்கும் இது திரும்பியிருக்கிறது. சிறுநீர்ப் பாதையையோ மலக்குடலையோ பலிகொடுத்து எடுக்கும் அளவுக்கு இது உயிர்கொல்லிக் கட்டியும் இல்லை.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் (இந்த ஹார்மோன்கள் வந்து ஒட்டும் இடங்கள்) கட்டியில் இருக்கின்றனவா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். இந்தக் கட்டியில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால், சினைப்பை ஹார்மோனை அடக்கும் ஜி.என்.ஆர்.ஹெச். ஊசி கட்டியைச் சுருக்கக்கூடும். ஆனால் ஊசியை நிறுத்தினால் மறுபடி வளரலாம். மாதவிடாய் நின்றதுபோன்ற உடல் சூடு, எலும்புத் தேய்மானம் என்று தொல்லைகளும் உண்டு.

அப்புறம், கர்ப்பத்தில் இது வேகமாக வளரக்கூடும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், ஹார்மோன் மாத்திரை எதுவும் எடுத்தால், முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்கேன் கண்காணிப்பு ஐந்து வருடத்தோடு முடியாது. இடையில் சிறுநீர் அடைத்தாலோ வீக்கம் திரும்பினாலோ அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.