எக்கனோமெட்ரிக்ஸ் படித்து விரிவுரையாளராகலாமா, வங்கி வேலைக்கே போய்விடலாமா?

கொழும்பில் பொருளியல் இறுதியாண்டு என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் வங்கியைத்தான் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். சம்பளம்தான் கணக்கென்றால் அவர்கள் சொல்வது சரி. எக்கனோமெட்ரிக்ஸ் என்பது பொருளியல் கேள்விகளைத் தரவும் புள்ளிவிவரமும் கொண்டு சோதிக்கும் துறை. ஆனால் முதலில் அதில் நான் பட்ட கதையைக் கேளுங்கள்.

என் முதல் கருத்தரங்கு. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணத்தையும் கொழும்பு விலைச் சுட்டெண்ணையும் வருடவாரியாகப் போட்டு ஒரு ரிக்ரெஷன், அதாவது ஒன்று மாறும்போது மற்றது எப்படி மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு, ஓட்டியிருந்தேன். கணக்குத் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும் ஆர் ஸ்குயார் 0.97. பெருமை தாங்கவில்லை, வெள்ளவத்தையில் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு போனேன். பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த பெரிய பேராசிரியர், "தம்பி, டேர்பின் வாட்சன் எவ்வளவு?" என்றார்.

"0.4, சேர்." ஒரு வருடத்துப் பிழை அடுத்த வருடத்துக்கும் தொடர்கிறதா என்று காட்டும் எண் அது, 2க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"உம்மட வயசைப் போட்டு ஓட்டினாலும் அந்த 0.97 வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிரவு என் வயதைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். 0.96.

காலத்தோடு மாறும் எண்களின் தொடர்கள் இரண்டு, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாவிட்டாலும், மனம்போனபடி அலைகிறவை என்றால், உறவு இருப்பதுபோலக் காட்டும் என்று கிரேஞ்சர், நியூபோல்ட் என்ற பொருளியலாளர்கள் 1974இலேயே எழுதிவிட்டார்கள். டேர்பின் வாட்சனைவிட ஆர் ஸ்குயார் பெரிதாக வந்தாலே சந்தேகப்பட வேண்டும். அந்த கிரேஞ்சருக்குத்தான் 2003இல் எங்கிளோடு நோபல் கிடைத்தது. நான் பாடமாக்கி பரீட்சையில் எழுதிய விஷயம் இது! வருடாந்த மாற்றங்களை எடுத்துத் திரும்ப ஓட்டினேன், உறவு காணாமல் போனது. ஏறுகிற தொடர் எல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை, அதற்கென்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இரண்டும் நீண்ட காலத்தில் உண்மையாகவே சேர்ந்து போகின்றனவா என்று பார்க்கும் கோஇன்டக்ரேஷன் சோதனையும் செய்தேன், தேறவில்லை. எட்டு மாத உழைப்பு வீணாய்ப் போனது.

இப்படி நாலு பேர் முன்னால் பிழைபட்டுவிட்டு மறுநாள் அதே தரவைத் திறக்க முடியுமென்றால் இந்தப் பக்கம் வாருங்கள். கணினியில் மொடல் ஓட்டுவது ஐந்து நிமிட வேலை, தரவைச் சுத்தம் செய்வதிலேயே வருடம் ஓடிவிடும். கலியாண வீடுகளில் "டொலர் ஏறுமா இறங்குமா?" என்று மாமாமார் கேட்பார்கள், தெரியாது என்றால் படித்ததையே சந்தேகிப்பார்கள்.

தரவு என்றதும் ஒன்று. 1981க்குப் பிறகு நாடு முழுவதற்கும் அடுத்த சனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2012இல்தான். 2006/07 குடித்தன வருமான ஆய்வில் வட மாகாணமே இல்லை, திருகோணமலையும் இல்லை. "வட மாகாணம் நீங்கலாக" என்ற அடிக்குறிப்பை எத்தனை அட்டவணைக்குக் கீழே என் கையாலேயே தட்டியிருக்கிறேன். நான் அந்த வட மாகாணத்துச் சாவகச்சேரிக்காரன். நீங்கள் கேட்டது இதையல்ல, தெரியும்.